ஏன் பிள்ளை, பால் இல்லையோ?

(ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கிராம வாசிகசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

முன்வரிசையில் நாலைந்து அம்மம்மாமார் இருக்கிறார்கள். நல்லது. இன்றைக்கு நான் பேச வந்தது பெரும்பாலும் அவர்களோடுதான்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாங்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு நெஸ்ரமோல்ட் பெட்டி, ஒரு குழந்தைச் சவர்க்காரம், வசதிப்பட்டால் ஒரு சட்டை. போனதும் தொட்டிலை எட்டிப் பார்ப்போம். மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று ஒரு வழக்கு நடக்கும். அது முடிந்ததும் தாயைப் பார்த்து ஒரு கேள்வி: "பிள்ளைக்குப் பால் காணுதோ?" தாய் தயங்கினால் பால்சுறா வாங்கிச் சமைக்கச் சொல்வோம், முருங்கையிலை சொல்வோம், உள்ளி சொல்வோம். தொட்டிலுக்குப் பக்கத்தில் பால்மாப் பேணி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் குரல் மாறிவிடும். "ஏன் பிள்ளை, பால் இல்லையோ?"

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாய்ப்பால் கொடுப்பதில் இலங்கை உலகத்துக்கே எடுத்துக்காட்டான நாடு. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் குடும்பநல உத்தியோகத்தர்களின் சைக்கிள் மிதிப்பும், எங்கள் அம்மம்மாமாரின் அதட்டலும் இருக்கின்றன. நானும் அந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டவள்தான்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு தாய் உண்டு. எச்.ஐ.வி. கிருமி உள்ள தாய். எல்லாரும் பால் கொடுக்கிற ஊரில், பால் கொடுக்காமலிருப்பதே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். அவளுடைய பிள்ளையின் பசியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"எங்கடை பக்கம் அப்பிடி எத்தினை பேர் டொக்டர்?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். மிகக் குறைவு. இலங்கையைச் சேர்ந்த ஒருவரில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987 இல். அன்று தொடங்கி இன்றுவரை வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. கர்ப்பிணித் தாய் கிளினிக்கில் பெயர் பதிந்த உடனே எடுக்கிற இரத்தத்தில் கிரந்திநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பரிசோதனை நடக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், மொனராகலையிலும் அப்படித்தான். கிருமி இருப்பது தெரிந்தால் தாய்க்கு அன்றிலிருந்தே மருந்து. பிறந்ததும் பிள்ளைக்குப் பாணிமருந்து. ஒன்றுமே செய்யாமல் விட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானவர்களுக்குத் தாயிடமிருந்து கிருமி தொற்றும். மருந்தை ஒழுங்காக எடுத்து, தாயின் இரத்தத்தில் கிருமி கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்கு அடங்கியிருந்தால், அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. எங்கள் பிராந்தியத்தில் தாய்லாந்துக்கும் மாலைதீவுக்கும் அடுத்தபடி நாங்கள். போர், சுனாமி, இடப்பெயர்வு எல்லாம் கண்ட நாட்டுக்கு இது சின்னப் பெருமையல்ல.

குறைவு என்பது நல்ல செய்திதான். அதிலேயே ஒரு தனிமையும் இருக்கிறது. சென்னையில் 1986 இல் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இரத்தமாதிரிகள் சேகரித்து, இந்தியாவிலும் இந்தக் கிருமி இருக்கிறது என்று முதன்முதலில் நிறுவினார்கள். இங்கே அதெல்லாம் வராது என்று அன்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு தமிழ்நாட்டில் தொற்று பெருகியது. பெருகியபோது ஆட்களும் ஒன்றுசேர்ந்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா என்ற இளம்பெண் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து, 1998 இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார். அங்கே ஒரு தாய் இன்னொரு தாயிடம், "உன் பிள்ளை எதைக் குடித்தது, எத்தனை மாதத்தில் உட்கார்ந்தது?" என்று கேட்கலாம். குடாநாட்டில் ஒரு தாய் யாரிடம் போய்க் கேட்பாள்? பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போய், போதனா வைத்தியசாலை வளவில் கிளினிக் கதவைத் தேடுகிறபோதே தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்பட்டு, "என்ன பிள்ளை, இஞ்சாலை?" என்று கேட்டுவிடும். இது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர்.

இனிக் கொஞ்சம் மருத்துவம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிருமி உள்ள தாய்க்குப் பிறந்த பிள்ளையின் இரத்தத்தைச் சாதாரண முறையில் சோதித்தால், கிருமி இருப்பதாகவே காட்டும். அது பிள்ளையுடையதல்ல. தாயின் உடல் செய்த எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியே இறங்கிப் பிள்ளையில் தங்கியிருக்கும். அது முற்றாகக் கரைய 18 மாதம்வரை செல்லலாம். அதனால் சின்னப் பிள்ளைக்குக் கிருமியையே நேராகத் தேடுகிற பி.சி.ஆர். பரிசோதனை செய்வோம். கொரோனாவுக்குப் பிறகு பி.சி.ஆர். என்றால் என்னவென்று விளங்கப்படுத்துகிற வேலை எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது! முதல் சில வாரங்களுக்கு நெவிரப்பின் பாணியோ சிடோவுடின் பாணியோ கொடுப்போம். நாலு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு பி.சி.ஆர். அதே வயதில், நியூமோனியா வராமல் தடுக்கக் கோட்ரிமொக்சசோல் மருந்தும் தொடங்குவோம். பிறகு வரிசையாகப் பரிசோதனைகள். பால் கொடுக்கிற தாயென்றால் கொடுத்து முடிந்த பிறகும் ஒன்று. எல்லாம் சரியாகப் போனால் ஒன்றரை வயதளவில் கடைசித் தாள் வரும்: கிருமி இல்லை.

அந்தத் தாள் வருகிற நாளில் தாய் அழுவாள். தாதி அழுவாள். சில நேரம் நாங்களும். அத்தோடு கோப்பு அலுமாரிக்குள் போய்விடும்.

என்னுடைய மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. கிருமி தொற்றவில்லை என்பது, பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்குச் சமமல்ல. தொற்றாமல் தப்பிய இப்படிப்பட்ட பிள்ளைகள் உலகில் இன்று ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கிறார்கள். தாய்க்குக் கிருமி இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களில் நிறை குறைவும் உயரக் குறைவும் கூடுதலாகக் காணப்படுகின்றன, நோய்களும் கூடுதல். காரணம் ஒன்றல்ல. தாய் கர்ப்பத்திலேயே நோயோடு இருந்திருப்பாள், பிள்ளை நிறை குறைந்து பிறந்திருக்கும். தாயிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்புச் சக்தி குறைவாக வந்திருக்கும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கும். தகப்பன் செத்திருப்பான், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பான். முக்கியமாக, தாய்ப்பால் இல்லாமல் போயிருக்கும். ஆக, கிருமி பிள்ளையின் உடம்புக்குள் நுழையாமலே பிள்ளையின் தட்டில் கைவைத்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் சாம்பியாவில் வேலை செய்தேன். இங்கிருந்து எத்தனையோ வாத்திமாரும் வைத்தியர்களும் போன நாடு அது. அங்கே பிள்ளைகள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் கையில் மருந்தில்லை. இருந்ததெல்லாம் பாலும் சீனியும் எண்ணெயும் கலந்த கரைசல்தான். ஆபிரிக்காவில் பல நாடுகளின் ஆய்வுகளைப் பிற்காலத்தில் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கடுமையான மந்தபோசணையோடு வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளில், கிருமி உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். கிருமி இல்லாதவர்களில் 8 சதவீதத்தினர். அதை வாசித்த அன்று எனக்கு எண்களைவிட அந்தக் கட்டில்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அந்த வார்டில் தாய்மார் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: பால் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் கிருமி போகலாம். விட்டால் வயிற்றோட்டத்தில் பிள்ளை போகலாம். எங்களுக்கும் தெரியாது. விடை தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்திலிருந்து வந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் சந்ததியினர் வாழ்கிற அதே டேர்பன்தான். அங்கே குட்சூடிசும் கூவாடியாவும் அவர்களின் குழுவினரும் 1999 இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகளில் 14.6 சதவீதத்தினருக்குத் தொற்று. தாய்ப்பாலே குடிக்காதவர்களில் 18.8 சதவீதம். அவர்களுக்கிடையிலான வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வயிற்றிலும் பிரசவத்திலும் தொற்றியதும் இதற்குள் அடங்கும். மூன்றாவது எண்ணைப் பாருங்கள். தாய்ப்பாலோடு வேறு பாலோ தண்ணீரோ உணவோ கலந்து கொடுக்கப்பட்டவர்களில் 24.1 சதவீதம்.

கலப்புத்தான் எதிரி. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குடலின் உட்சுவர் வழுவழுவென்று முழுமையாக இருக்கும். வேறு உணவு போனதும் அதில் அழற்சி உண்டாகி நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. பாலில் இருக்கிற கிருமிக்கு அவை வாசல்கள். இதுவே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். அதே குழு 2007 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தாய்ப்பாலோடு திண்ம உணவு கொடுக்கப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்குத் தொற்று ஆபத்து ஏறத்தாழ 11 மடங்கு.

இப்போது முன்வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். எங்கள் வீடுகளில் கலப்பு என்பது பால்மாவில் தொடங்குவதில்லை. அப்பம்மாவின் விரலில்தான் தொடங்குகிறது. வயிறு ஊதினால் ஓமத்தண்ணி. விக்கினால் கற்கண்டுத் தண்ணி. வசம்பு உரைச்சு நாக்கிலே ஒரு தடவல். தேன் ஒரு துளி. "இதெல்லாம் சாப்பாடோ? மருந்தெல்லோ!" என்பீர்கள். குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தாய் சமையலறைக்குப் போகிற ஐந்து நிமிடத்தில் நடந்துவிடுகிற காரியம் இது. தாயோ தடுக்க முடியாத நிலையில் இருப்பாள். தடுத்தால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டி வருமே!

பொட்ஸ்வானா எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. தொற்றுள்ள தாய்மாருக்கு அரசாங்கமே பால்மாவை இலவசமாகக் கொடுத்தது. நல்ல நோக்கம், பணமும் இருந்தது. 2005 இன் கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் பெருமழை. கிணறும் குழாயும் கலங்கின. வயிற்றோட்டம் பரவியது. செத்துப்போன நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். கிருமியிலிருந்து காப்பாற்றக் கொடுத்த பேணியே அவர்களைத் தண்ணீரின் கையில் ஒப்படைத்துவிட்டது. இப்படிப்பட்ட பாடங்களுக்குப் பிறகு, 2010 இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை மாற்றியது. தாயோ பிள்ளையோ மருந்தில் இருக்கிறவரை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு உணவோடு சேர்த்து ஒரு வயதுவரை தாய்ப்பால் என்றது. 2016 இல் அதை இரண்டு வயதுக்கும் அப்பாலும் நீட்டியது. வசதியான நாடுகள் பல பால்மாப் பக்கமே நின்றன. இங்கேயும் பால்மாவைத் தெரிவு செய்கிற தாய்மார் உண்டு. தாயும் வைத்தியரும் கூடி எடுக்கிற முடிவு அது. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. எந்தப் பாதையில் போனாலும் இரண்டு பாதையிலும் கால் வைக்காதே என்பது மட்டும்தான் அவளுக்கு நான் சொல்வது.

பால்மாப் பாதையில் போகிறவளுக்கு யாழ்ப்பாணத்தில் தனியான சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். எங்களுக்கு ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான் குடிக்கிறோம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற உரமும், கிணற்றோடு கிணறாக வெட்டியிருக்கிற மலக்குழிகளும் அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை மீறிய கிணறுகள் பலவற்றை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைக்கு அது இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற வேலையைக் கெடுக்கும். பிள்ளை நீலம் பாரிக்கும். "நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்றும்போது அது இன்னும் செறியும். 2014, 2015 இல் சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் போத்தலும் கையுமாகத் திரிந்தோம். நைத்திரேற்று மிதந்து காட்டாது என்பதால் அதற்காக ஒருவரும் ஊர்வலம் போகவில்லை.

இரண்டாவது, பேணி தொடர்ந்து கிடைக்குமா? 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையை மூடியபோது பால்மாவுக்காகச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எல்லாரும்தான். 2021 இன் இறுதியிலும் 2022 இலும் நாடு முழுவதும் அதே வரிசை. தட்டுப்பாடு வந்தால் தாய் என்ன செய்வாள்? மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுவாள். தண்ணீரின் அளவு குறையாது, பிள்ளையின் வயிறும் நிறையும், அழுகையும் நிற்கும். நிறை மட்டும் ஏறாது. இந்த நீர்த்த பாலைப்போல அமைதியாகப் பிள்ளையைக் கொல்லுகிற பொருள் வேறில்லை. சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1939 இல் சிங்கப்பூரில், ரோட்டரிக் கழகக் கனவான்களுக்கு முன் எழுந்து ஓர் உரையாற்றினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலுக்குப் பதில் தகரப்பாலைத் தள்ளிவிட்ட வியாபாரத்தைக் கொலை என்றே சொன்னார். எங்கள் மலாயன் பென்சனியர்கள் சிலர் அந்தக் காலத்தில் அந்த ஊரில்தான் உத்தியோகம் பார்த்தார்கள். யாராவது அதைக் கேட்டுவிட்டு வந்து இங்கே சொன்னார்களோ தெரியாது!

புட்டி வேண்டாம், கோப்பையும் கரண்டியும் போதும். புட்டியின் முலைக்காம்பைக் கழுவுவது மகா கஷ்டம். கோப்பையைக் கழுவுவது சுலபம். பிறந்து சில நாளான பிள்ளைகூடக் கோப்பை விளிம்பிலிருந்து நக்கிக் குடிக்கும், பாருங்கள், பூனைக்குட்டி மாதிரி.

சரி, பிள்ளை மெலிந்துவிட்டது. என்ன செய்வது? ஆறு மாதம் தாண்டிய பிள்ளையென்றால் மேற்கையின் நடுவில் ஒரு நாடாவைச் சுற்றுவோம். 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கடும் மந்தபோசணை. இரு பாதமும் அமுக்கினால் குழி விழுகிற மாதிரி வீங்கியிருந்தால், நாடா என்ன சொன்னாலும் கடும் மந்தபோசணைதான். "பிள்ளை கொழுத்துப் போச்சு" என்று சந்தோஷப்பட்டு வீக்கத்தைக் கொண்டுவந்த தாய்மாரைச் சாம்பியாவில் கண்டிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. காய்ந்த பிள்ளையைக் கண்டதும் அள்ளி அள்ளிக் கொடுக்க மனம் துடிக்கும். கொடுத்தால் பிள்ளை சாகும். பட்டினியில் ஈரலும் இருதயமும் சிறுநீரகமும் வேகத்தைக் குறைத்துப் பாதித் தூக்கத்தில் கிடக்கின்றன. திடீரென்று விருந்து வைத்தால் அவை தாங்கா. அதனால் முதல் நாட்களில் சூடு, சீனி, கிருமிகொல்லி; இவற்றோடு எஃப்-75 என்கிற மெல்லிய பால், நூறு மில்லிலீற்றரில் 75 கலோரி, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவிலும். இரும்புச்சத்துப் பாணியைத் தொடவே கூடாது. முதலில் அது கிருமிக்குத்தான் தீனி. பசி திரும்பினால், பிள்ளை கோப்பையைப் பிடுங்கத் தொடங்கினால், அதுதான் எங்களுக்குச் சைகை. பிறகு எஃப்-100, அல்லது கச்சான் களி.

கச்சான் களி என்று நான் செல்லமாகச் சொல்கிறேன். 1996 இல் பிரியாந்து என்ற பிரெஞ்சு மருத்துவரும் லெஸ்கான் என்ற உணவுப் பொறியியலாளரும் உருவாக்கிய பொருள் அது. கச்சான், பால்மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள். 92 கிராம் பைக்கற்றில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. கலங்கிய கிணறு அதற்குள் நுழைய முடியாது. பிள்ளை வீட்டிலிருந்தே தேறலாம். 2009 இல் வவுனியா முகாம்களில் இதே வேலையை பி.பி.100 என்ற பிஸ்கட் செய்தது. நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வறுக்கிற அந்த மணம் எழும்பும்போதெல்லாம் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, மன்னிக்க வேண்டும். இந்தப் பைக்கற்றுத்தான் ஞாபகம் வரும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு இந்தக் களி கூடாது. பால் மட்டும்தான். தாய்ப்பால் பாதையில் இருக்கிற தாயென்றால், முலையோடு ஒரு மெல்லிய குழாயைச் சேர்த்து வைத்து, பிள்ளை முலையைச் சப்பும்போது கோப்பையிலுள்ள பாலும் வரச் செய்வோம். பாலைச் சேர்க்கிறோமே, இது கலப்பில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு முதலில் பசியைத்தான் தீர்க்க வேண்டும். தாயும் பிள்ளையும் மருந்தில் இருக்கிறார்கள் என்று உறுதிசெய்துகொண்டு கொஞ்ச நாளைக்குச் செய்கிறோம். பிள்ளை சப்பச் சப்பத் தாய்க்குப் பால் பெருகும். பெருகியதும் குழாயை எடுத்துவிடுவோம்.

எதற்கும் மசியாமல் மெலிந்துகொண்டே போகிற பிள்ளையிடம் இரண்டு விஷயங்களைத் திரும்பத் தேட வேண்டும்: காசநோய், எச்.ஐ.வி. முதல் பி.சி.ஆர். இல்லையென்று சொன்னதே என்று இருந்துவிடக் கூடாது, பிறகு தொற்றியிருக்கலாம். கிருமி உண்மையில் தொற்றிய பிள்ளைகளை மருந்தின்றி விட்டால் மூன்றில் ஒரு பங்கு ஒரு வயதுக்குள், பாதி இரண்டு வயதுக்குள் இறந்துபோகும். நோய் முற்றட்டும் என்று காத்திருக்காமல் கண்ட உடனே மருந்து தொடங்கினால் சிசுமரணம் 76 சதவீதம் குறையும் என்று தென்னாபிரிக்க ஆய்வொன்று 2008 இல் காட்டியது. இன்றைக்கு இங்கே மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சாம்பியாவில் என் கையில் இல்லாமல் போன மருந்து.

ஆறு மாதத்தில் சோறு தீத்துகிறோம். இனி மருத்துவரைவிடச் சமையலறைக்குத்தான் வேலை. எங்கள் முதல் பிழை தண்ணிக்கஞ்சி. பிள்ளையின் வயிறு கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் அளவுதான் கொள்ளும். ஏழு கிலோப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையளவு. அதைக் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சரித்தால் வழியக் கூடாது, அவ்வளவு தடிப்பாகக் குழையுங்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயோ பட்டரோ விடுங்கள். நெத்தலியை வறுத்து இடித்துத் தூளாக்கி வையுங்கள். முட்டை, பயறு, முருங்கையிலை எல்லாம் வளவிலும் சந்தையிலும் கிடக்கின்றன. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் திரிபோஷா தருவார்கள். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது, 1973 இலிருந்து இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மணம். 2022 நெருக்கடியில் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷா தடைப்பட்டபோது எத்தனை பிள்ளைகளின் நிறைக்கோடு வளைந்தது என்பதைக் கிராமத்து மிட்வைஃப்மாரிடம் கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் போனால் அந்தப் பைக்கற்றை முழுக் குடும்பமும் சேர்ந்து உருண்டை பிடித்துச் சாப்பிட்டிருக்கும். பசித்த வீட்டில் பிள்ளைக்கு மட்டும் பசியாற்றலாம் என்று நினைத்த எங்கள் திட்டத்தில்தான் குறை, அவர்களில் இல்லை.

திரும்ப ஊர் வாய்க்கு வருகிறேன். 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சின்னப் பையன். தகப்பன் எயிட்ஸில் செத்தான் என்று ஒரு கதை கிளம்பியது. பையனுக்குக் கிருமி இல்லை என்று பரிசோதனை சொன்னது. ஆனாலும் பள்ளிக்கூடங்களில் இடமில்லை; மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் படிப்பைத் தடுக்க முடியாது என்று அரசு அங்கே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கடைசியில் கண்டியில் ஒரு பள்ளிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொண்டது. இல்லை என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தாய் அலைந்தாள். தொட்டிலில் இருக்கிற பிள்ளையின் தாய் இந்தச் செய்தியைக் கேட்டிருப்பாள். பால்மாப் பேணியை அவள் ஏன் அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கிறாள் என்று இப்போது விளங்குகிறதா? ஆட்கள் வந்தால் ஒளிப்பாள். ஆட்கள் போகும்வரை பிள்ளைக்குப் பசிக்கும். சில தாய்மார் வந்தவர்களின் வாயை அடைக்க முலையைக் கொடுத்துக் காட்டுவார்கள். அத்தோடு கலப்பு நடந்துவிடும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஊரும் அடையாளங்களும் மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள். தாய் மருந்தில் இருந்தாள். பால்மாப் பாதையைத் தெரிவு செய்திருந்தாள். நாலாம் மாதம் பிள்ளையின் நிறை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன குடும்பநல உத்தியோகத்தர் பேணியைத் திறந்து பார்த்துக் கரண்டிகளைக் கணக்குப் பண்ணினார். முப்பது நாளைக்குக் காண வேண்டியதைத் தாய் ஐம்பது நாளைக்கு இழுத்திருந்தாள். காசு மட்டும் காரணமில்லை. கடைக்காரர் கேள்வி கேட்கிறார் என்று பேணி வாங்க மற்ற ஊருக்குப் பஸ்ஸில் போய்வந்திருக்கிறாள். அன்றிலிருந்து பேணி அந்த உத்தியோகத்தரின் தோள்பையில் வந்தது. இன்னொன்றையும் அவர் செய்தார். கிளினிக் வாங்கில் ஒரு மூதாட்டி, "ஏன் பிள்ளை, பால் இல்லையோ?" என்று தொடங்கியதும், தாய் வாய் திறக்குமுன் இவர் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவ ஒரு மருந்து எடுக்கிறா அம்மா, அது பாலிலை இறங்கும். டொக்டர் குடுக்க வேண்டாமெண்டவர்" என்றார். பொய்யில்லை. பிறகு அந்த வசனம் தாய்க்கே பாடமாகிவிட்டது. பேணி அலுமாரிக்குப் பின்னாலிருந்து மேசைக்கு வந்தது.

பதினெட்டாம் மாதம் கடைசித் தாளும் வந்தது, இல்லையென்று. தாய் அதை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "அப்ப இனி வரத் தேவையில்லைத்தானே மிஸ்?" என்று கேட்டாள். பிள்ளை தராசில் ஏறி நின்று, முள்ளைப் பிடிக்கக் கைநீட்டிக்கொண்டிருந்தது. எட்டுக் கிலோ அறுநூறு. உத்தியோகத்தர் வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியை வைத்தார். பச்சைப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே. "அது வேறை, இது வேறை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டத்தில் அடுத்த மாதத் திகதியை எழுதினார்.